ஜீப்புக்கு ஏசி பூட்டிய கதை

லண்டனில் வாகனத்துக்கு ஏசி கேட்கிற பெண்ணை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வருடத்தில் முக்கால்வாசி நாள் மழையும் குளிரும் என்று புலம்புகிற ஊரில் இவளுக்கு ஏசி ஒரு கேடா என்பதுதான் அந்தப் பார்வை. என் கணவரின் சிநேகிதர்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள். "அக்கா, நாலு கண்ணாடியையும் இறக்கினால் அதுதானே ஏசி" என்று சொல்லிவிட்டு, பெரிய பகிடி விட்டதுபோலத் தாங்களே சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அக்காவுக்குக் கொழுப்பு என்று வீட்டுக்குப் போய்ப் பெண்சாதிமாரிடம் சொல்வார்கள்.

எனக்கு ஏன் ஏசி தேவை என்பதை அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவர்.

அப்போது நாங்கள் இல்ஃபோர்டில் இருந்தோம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஆஸ்பத்திரி, கவுன்சில், வழக்கறிஞர் அலுவலகம் என்று எங்கே தமிழருக்காக ஒருவர் ஆங்கிலம் பேச வேண்டுமோ அங்கே ஏஜென்சி என்னை அனுப்பும். காலையில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெரியவருக்கு நீரிழிவு மருந்து பற்றிச் சொல்லிவிட்டு, பின்னேரம் ஹரோவில் ஒரு பெண்ணுடன் பிரசவ அறைக்குள் நிற்பேன். அவள் தமிழில் கத்துவதை மருத்துவச்சிக்கு ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்வேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். நான் அதில் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மாரிகாலத்தில் வலது கண்ணில் பனிப்புகார் படிந்தது போலத் தொடங்கியது. பிறகு வலது கால் மரத்தது. பல பரிசோதனைகளுக்குப் பிறகு நரம்பியல் டொக்டர் என்னை உட்கார வைத்து, எம்.எஸ். என்றார். நரம்பைச் சுற்றியிருக்கிற உறை தேய்ந்துபோகிற வருத்தம். அன்றைக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. அவர் சொன்னவற்றில் நான் இறுகப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: உடம்பில் சூடு ஏறினால் என் கண் மங்கும், கால் பாரமாகும், உடம்பு குளிர்ந்தால் இரண்டும் திரும்பி வரும். வாகனம் ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம், ஆனால் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு ஓட்டு, கண் மங்கினால் உடனே நிறுத்து என்றார். உன் காரில் ஏசி இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன். லைசென்ஸ் கொடுப்பவர்களுக்கும் முறையாக அறிவித்தேன். அவர்கள் டொக்டரிடம் விசாரித்துவிட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற லைசென்ஸ் தந்தார்கள்.

ஏசி இருந்தது உண்மை. எங்களிடம் யப்பானிலிருந்து இறக்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்று நின்றது. கறுப்பு நிறம், டீசல், உயரம். என் கணவர் அதை ஜீப் என்பார். கலியாண வீட்டுக்கோ கோயிலுக்கோ போனால் எல்லாரும் பார்க்கும்படியாக வாசலில் நிறுத்துவார். மற்ற நாட்களில் அவர் ரயிலில் வேலைக்குப் போவார், ஜீப் என்னிடம் இருக்கும். ஏசியைப் போட்டால் பல் கிட்டும். அந்தக் குளிருக்குள் இருந்தால் என் கண் வெயிலிலும் ஒழுங்காக இருந்தது. கோடையில் சென்ட்ரல் லைன் ரயிலுக்குள் ஏறினால் இரண்டு ஸ்டேஷனில் நான் குருடி. ஆக, ஜீப்பில் ஏசி இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு.

வெளியில் சொல்லக் கூடாது என்ற சட்டத்துக்குக் காரணம் மகள். அவள் யூனிவர்சிட்டி முடிக்கிற வருடம். கலியாணம் பேசத் தொடங்குகிற வயது.

"தாய்க்கு நரம்பு வருத்தம் எண்டு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் காணும். பரம்பரை எண்டு கதையைக் கட்டி விட்டிடுவங்கள்" என்றார் அவர். "ஆரும் கேட்டால் கண்ணுக்குக் கண்ணாடி மாத்தினது எண்டு சொல்லும்."

இந்தச் சட்டத்தை நான் வெறுத்தேன். அதைவிட, அவர் சொன்னதில் உண்மை இருந்ததை வெறுத்தேன். எங்கள் ஆட்கள் மற்றப் பகுதியின் வேலையையும் வீட்டையும் விசாரித்த பிறகு, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பது வருத்தத்தைத்தான். எத்தனை வீடுகளில் நானே அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மகளுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஜீப்பின் எஞ்சின் போனது. போனது என்றால் தானாகப் போகவில்லை. பேர்மிங்ஹாமில் ஒரு கலியாணம் முடிந்து வரும்போது சூடு காட்டுகிற முள்ளு சிவப்பில் நின்றது. நான் காட்டினேன். "உந்த முள்ளுக்கு விசர். அது எப்பவும் உப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் வேகமாக ஓட்டினார். பெரிய றோட்டின் ஓரத்தில், வெள்ளைப் புகைக்கு நடுவே, காஞ்சிபுரம் சேலையோடு நான் நின்றேன். தலைப்பகுதி வெடித்துவிட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

எங்கள் ஆட்கள் அப்படி எதையும் ஒரு கராஜில் விட்டுச் செய்விக்க மாட்டார்கள். "நாங்களே செய்வம்" என்பது ஒரு வியாதி. அவரின் சிநேகிதர் ஒருவர் செவன் கிங்ஸில் இருந்தார். ஊரில் கராஜில் வேலை செய்தவர், இங்கே வான் ஓடி டெலிவரி செய்கிறார், சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் வாகனங்களைத் திருத்துவார். வயதில் என்னைவிட இளையவர், நான் தம்பி என்று கூப்பிடுவேன். அவரே அடிபட்ட ஒரு வாகனத்திலிருந்து அதே கொம்பனியின் புது மாதிரி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்றலில் வைத்துப் பழையதைக் கழற்றுவது என்று முடிவானது. ஐந்தாறு ஆண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வேலை செய்தார், மற்றவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நான் குசினியில் அவர்களுக்கு ரோல்ஸ் பொரித்தேன்.

எல்லா ஆணிகளும் கழன்ற நேரத்தில் யாரோ ஒருவர் ராகு காலத்தை ஞாபகப்படுத்தினார். அதோடு தொடங்கியது பாருங்கள் கூத்து. எங்கள் குசினிச் சுவரில் யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டர் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பின்னேரம் நாலரை. இது இங்கத்தை நாலரையா, அங்கத்தை நாலரையா என்று முன்றலில் நின்று வாதாடினார்கள். லண்டனில் சூரியன் உதிக்கிற நேரத்துக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னது சரி. அவரை யாரும் கணக்கெடுக்கவில்லை. கலண்டர் அங்கே அடித்தது, ஆகவே நேரமும் அங்கத்தை நேரம், ஊரில் பின்னேரம் என்றால் இங்கே மத்தியானம் என்று என் கணவர் தீர்ப்புச் சொன்னார். ராகு வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குள் எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும்.

ஏசிக் குழாய்கள் மட்டும் கழலவில்லை. வருடக்கணக்கான உப்புத் தண்ணீரில் அவற்றின் நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. தம்பி எண்ணெய் விட்டு, ஊற விட்டு, மெதுவாகத் திருப்பலாம் என்றார். என் கணவர் உள்ளே போய் இரும்பு அறுக்கிற வாளை எடுத்து வந்தார்.

"அண்ணை, வெட்டினால் பிறகு கரைச்சல்" என்றார் தம்பி.

"ஏசியைப் பிறகு பாப்பம். முதல் இது வெளிய வரட்டும்."

நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாள் குழாய்க்குள் இறங்கியதும் உஸ் என்று பெரிய சத்தத்தோடு கேஸ் வெளியே வந்தது. ஆண்கள் எல்லாரும் கையை விசுக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தார்கள், பிறகு சிரித்தார்கள். நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பால் இறக்கிவிட்டு வெளியே ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் முன்னால், "ரோல்ஸ் கருகப் போகுது, போம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. ரோல்ஸைத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ராகு காலத்துக்கு முன் எஞ்சின் வெளியே வந்தது. பிறகு புது எஞ்சினை இருத்துகிற ஏதோ ஒரு இரும்புத் துண்டு பொருந்தாமல், ஜீப் வாயைப் பிளந்தபடி ஒரு மாதத்துக்கு மேல் முன்றலிலேயே கிடந்தது. அவ்வளவு அவசரம். வெட்டிய குழாய்களின் வாயை மூட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இல்ஃபோர்டின் மழை முழுவதும் அதற்குள்தான் போனது.

ஒருவழியாகப் புது எஞ்சின் ஏறி, ஸ்டார்ட்டும் ஆனது. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தார்கள். பொனெட்டில் சந்தனம் வைத்தார்கள். நான் தம்பியிடம் ஏசியைப் பற்றிக் கேட்டேன். அவர் பொனெட்டைத் திறந்து காட்டினார். ஏசியின் கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்பிரஸர், பழைய எஞ்சினில் ஒரு பக்கம் இருந்தது, புது எஞ்சினில் மற்றப் பக்கம். மிச்சமிருந்த வெட்டுக் குழாய் எட்டாது, எட்டினாலும் வாய் பொருந்தாது. ஒரு நுனி பழைய வாகனத்துக்கும் மற்ற நுனி புது எஞ்சினுக்கும் பொருந்தும்படி இரண்டு குழாய் புதிதாகச் செய்விக்க வேண்டும். உள்ளே ஈரம் போய்விட்டதால், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் என்ற சின்ன டப்பாவையும் மாற்ற வேண்டும்.

"செய்விக்கலாம் அக்கா. ஒண்டும் பெரிய வேலை இல்லை" என்றார்.

ஒன்றும் பெரிய வேலை இல்லாத அந்த வேலை மாரி முழுவதும் நடக்கவில்லை. நான் கணவரிடம் கேட்டால், "குழாய் இன்னும் வரேல்லை" என்பார். அடுத்த மாதம் கேட்டால், "தம்பிக்கு ஷிப்ட் மாறிப்போச்சு." அதற்கடுத்த மாதம், "கேஸ் அடிக்கிறவன் ஊருக்குப் போட்டான்." சித்திரையில் கேட்டபோது, "நாட்டில பனி கொட்டுது, உமக்கு ஏசி கேக்குதோ" என்றார். அந்த வருடம் சித்திரையில் பனி கொட்டவில்லை. கோயிலில் தம்பியைக் கண்டால் அவர் என் கண்ணைப் பார்க்காமல் செருப்பைத் தேடுவார். சோம்பேறிகள் என்று இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டினேன். நான் திட்டியது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. அந்தக் கோடை எப்படி இருந்தது என்று லண்டனில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புல்லெல்லாம் வைக்கோல் நிறமானது. றோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. ஜீப்பின் நாலு கண்ணாடியையும் இறக்கினேன், உள்ளே அடுப்பங்கரைக் காற்றுத்தான் வந்தது. கழுத்தில் ஈரத் துவாயைச் சுற்றினேன். மடியில் உறைந்த பட்டாணிப் பொதியை வைத்துக்கொண்டு ஓட்டினேன். பட்டாணி உருகிப் பாவாடையில் ஈரம் ஊற, ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கழிவறை இருக்கும் திசையைக் காட்டினாள். நான் மொழிபெயர்ப்பாளர் என்று அட்டையைக் காட்டினேன். இப்படியெல்லாம் அவமானப்பட்டும் நான் வேலையை விடவில்லை. ஏஜென்சியிடம் ஒருமுறை மாட்டேன் என்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் டொட்டன்ஹாமில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். நோர்த் சேர்க்குலர் றோட்டில் ஏதோ விபத்து, வாகனங்கள் நகரவே இல்லை. வெயில் ஸ்டியரிங்கில் நேராக விழுந்தது. துவாய் காய்ந்துவிட்டது, பட்டாணி கஞ்சியாகிவிட்டது. முன்னால் நின்ற லொறியின் எழுத்துகள் கரையத் தொடங்கின. உள் றோட்டில் இறங்கி ஒரு மரநிழலில் நிறுத்தலாம் என்று திருப்பினேன். இன்னும் கொஞ்சத் தூரம், இன்னும் கொஞ்சத் தூரம் என்று போனேன். அதற்குள் ஆட்கள் றோட்டைக் கடக்கிற, வெள்ளைக் கோடு போட்ட கடவை ஒன்று வந்திருக்கிறது. நான் கோட்டைக் காணவில்லை. ஏதோ ஒரு சிவப்பு நிறம் கண்ணுக்கு முன்னால் அசைந்தது மட்டும் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கக் கால் பாரமாக இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன்.

ஜீப் நின்றது. சிவப்பு நிறம் ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி. அதைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் பொனெட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அவள் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் எனக்குப் பொருத்தமானது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. பிள்ளை அழவில்லை, அது மட்டும் எனக்குக் கேட்டது.

ஓரமாக நிறுத்தி, ஒரு வீட்டு மதிலின் நிழலில் தரையில் உட்கார்ந்தேன். கண் மெதுவாகத் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும், ஜீப்புச் சாவியைப் பறித்துவிடுவார். வெயில் இறங்கும் வரை அங்கேயே இருந்துவிட்டு, நேரே செவன் கிங்ஸுக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

அவர் வீட்டு கராஜின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாருடையதோ ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார். வெளியே வரச் சொன்னேன். சட்டத்தை உடைத்தேன்.

"தம்பி, எனக்கு எம்.எஸ். எண்டு ஒரு வருத்தம். சூடு ஏறினால் கண் தெரியாது. அதுக்குத்தான் ஏசி கேட்டனான். சொகுசுக்குக் கேக்கேல்லை. இண்டைக்கு ஒரு பிள்ளையை அடிக்கப் பாத்தன்."

அவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு கராஜுக்குள் போய் மேல் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். உள்ளே இரண்டு கறுப்புக் குழாய்கள், நுனிகளில் மூடி போட்டபடி. பக்கத்தில் பெட்டி உடைக்காத டிரையர் டப்பா.

"மாசியிலையே செய்விச்சு வைச்சிருக்கிறன் அக்கா. அண்ணைதான் இப்ப பூட்ட வேண்டாம் எண்டவர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஏசி இருந்தால் நீங்கள் ஓடிக்கொண்டே இருப்பீங்களாம். ரெண்டு கோடை வெக்கைக்குள்ளை இருந்தால் உங்கடை பாட்டிலை வேலையை விட்டிடுவீங்களாம். உங்களுக்கு வருத்தம் எண்டு எனக்குத் தெரியாது அக்கா, கோயிலாணை தெரியாது. நீங்கள் வேலை வேலை எண்டு திரியிறது அண்ணைக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். குடும்ப விசயம்தானே, நான் என்னத்தைக் கதைக்கிறது."

குடும்ப விசயம். எங்கள் ஆட்கள் எந்த அநியாயத்தைக் கண்டாலும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். நான் தம்பியை வாயில் வந்தபடி ஏசினேன். அவருடைய மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "இப்ப பூட்டட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

பம்பும் கேஸ் சிலிண்டரும் அந்த கராஜின் மூலையிலேயே இருந்தன. ஊருக்குப் போன கேஸ்காரன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. அவர் முன்பக்கத்துக் கிறிலைக் கழற்றினார், பழைய டப்பாவை எடுத்து எறிந்தார். புதியதைப் பூட்டி, சின்ன ரப்பர் வளையங்களை எண்ணெயில் தோய்த்து வாய்களில் இட்டு, இரண்டு குழாயையும் இறுக்கினார். கம்பிரஸருக்குப் போகிற ஒற்றை வயரைச் செருகினார். பிறகு பம்பைப் பூட்டி, உள்ளே கிடந்த காற்றையும் ஈரத்தையும் நெடுநேரம் உறிஞ்ச விட்டார். பம்பை நிறுத்திய பிறகு அழுத்தம் காட்டுகிற முள்ளு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அசைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அசையவில்லை. கேஸ் போனது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து பொத்தானை அழுத்தச் சொன்னார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது, எஞ்சின் கொஞ்சம் தாழ்ந்து திரும்ப எழுந்தது. முதலில் புழுதி மணத்தோடு ஒரு காற்று வந்தது, பிறகு குளிர் வந்தது.

ஒரு பின்னேர வேலை. ஒரு மாரியும் அரைக் கோடையும் நான் கெஞ்சிய விஷயம், ஒரு பின்னேரத்தில் முடிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபத்தில் பல் கடகடவென்று அடித்தது.

வீட்டு முன்றலில் ஜீப்பை நிறுத்தியபோது அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த வெக்கைக்குள் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆர் பூட்டினது?"

"நீங்கள் பூட்டாதை எண்டு சொல்லி வைச்ச ஆள்தான்."

பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளே போய்ப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு சொன்னார்.

"பயத்திலைதான். நீர் எங்கையாவது கொண்டுபோய் அடிச்சு, செத்துக்கித்துப் போனால் நான் என்ன செய்யிறது? வாயாலை சொன்னால் நீர் கேக்கிற ஆளில்லை. வெக்கை வந்தால் ஓடாமல் விட்டிடுவீர் எண்டு நினைச்சன்."

"நான் விடேல்லையே. கண் தெரியாமல் ஓடினனான்."

கடவையைப் பற்றிச் சொன்னேன். சிவப்புத் தள்ளுவண்டியைப் பற்றி, மிதிபடாத பிரேக்கைப் பற்றி, பொனெட்டில் விழுந்த அடியைப் பற்றி, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். ஏசி இருந்திருந்தால் அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அவர் படிக்கட்டில் மெல்ல உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போனது.

"ஏன் எனக்கு உடனை சொல்லேல்லை?" என்றார்.

"சொன்னால் திறப்பைப் பறிப்பீங்கள்."

பிறகு கேட்டார்:

"தம்பியிட்டை வருத்தத்தைச் சொல்லிப்போட்டீரோ?"

ஒரு பிள்ளை என் சில்லுக்குள் போகப் பார்த்தது என்று கேட்ட மனிதரின் இரண்டாவது கேள்வி அது. நான் அவரைத் தாண்டி மேலே போய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயில் முழுவதும் கதை பரவிவிட்டது. மஞ்சளைப் பாலில் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள், சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கச் சொன்னார்கள். என்னைவிட மூத்த ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் பெட்டை" என்றாள், மகளைத்தான். மகளுக்குக் கலியாணப் பேச்சில் இருந்த ஒரு இடம் திடீரென்று சாதகம் பொருந்தவில்லை என்றது. முந்தின மாதம் பொருந்திய சாதகம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகள் லீவுக்கு வந்தபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள், தனக்கு ஏன் சொல்லவில்லை என்று. மாப்பிள்ளை பகுதியைப் பற்றி அவள் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

நான் ஓட்டினேன். எங்கே கூப்பிட்டாலும் போனேன். நாலு கோடை ஓட்டினேன். கண்ணாடிகளை ஏற்றி, குளிரைக் கூட்டி, சட்டைக்கு மேல் ஒரு சுவெட்டரும் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் போனேன். முன்னால் போகிற வாகனத்தின் நம்பரை வாய்க்குள் வாசித்துக்கொண்டே போவது பழக்கமாகிவிட்டது. ஒரு எழுத்து கரைந்தாலும் நிறுத்தினேன். அந்த வருடங்களில் ஒருநாள்கூட அவரை என் பக்கத்தில் ஏற்றவில்லை. கோயிலுக்கென்றாலும் அவர் பஸ்ஸில் வந்தார், அல்லது தம்பியின் வானில் வந்தார். ஊர் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை.

பிறகு கால் போனது. இந்த முறை குளிரிலும் திரும்பி வரவில்லை. ஒரு கார்த்திகை மாதக் காலையில், வெளியே நல்ல குளிர், வலது காலை பிரேக்கில் வைக்கச் சொன்னேன், அது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். அன்றைக்கே ஏஜென்சிக்கு போன் செய்தேன், லைசென்ஸைத் திருப்பி அனுப்பினேன். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, நானேதான் நிறுத்தினேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பின்னேரம் அவர் வேலையால் வந்ததும் குசினியில் வைத்துச் சொன்னேன். இனி ஓட மாட்டன் என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் முகம் வாய்க்கு முந்திக்கொண்டது. இத்தனை வருடமும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மனிதரின் முகம் அது. அவருக்கு நிம்மதி.

அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.